22 மாதமாகியும் பேசாத மகன், ஸ்கிரீனிங்குக்கு இன்னும் பத்து வாரம்: அதுவரை என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மகனுக்கு 22 மாதம். தெளிவாகச் சொல்வது ஐந்தாறு சொற்கள்தான். குழந்தை மருத்துவர் வளர்ச்சி ஸ்கிரீனிங்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், தேதி பத்து வாரம் தள்ளிக் கிடைத்திருக்கிறது. அதுவரை வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இந்தப் பத்து வாரத்தில் ஏதாவது கைநழுவிப் போய்விடுமோ", "நான் வேலைக்குப் போனதும் போனைக் கையில் கொடுத்ததும்தான் காரணமோ". உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இரண்டும்தான் என்று படுகிறது. அதனால் பயிற்சியை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பதினெட்டு வருடமாக மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடுதான் பெரும்பாலும் வேலை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, ஆகவே அவனுக்கு இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. பார்க்காமலே சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

குற்ற உணர்ச்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. அம்மா வேலைக்குப் போவதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் ஆவதில்லை. நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு சற்று இறுக்கமாக இருந்தால் சில ஒலிகளின் தெளிவு கெடலாம், ஆனால் சொற்களே வராமல் போவதற்கு அது காரணமாகாது. இவற்றை உறுதியாகவே சொல்கிறேன். போன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. திரை முன்னால் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளிடம் சொற்கள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் திரையால் பேச்சு குறைந்ததா, பேச்சு வராத, சமாளிக்கக் கடினமான குழந்தைக்குப் பெற்றோர் திரையை அதிகம் கொடுத்தார்களா என்பதை அந்த ஆய்வுகளில் முழுதாகப் பிரித்துவிட முடிவதில்லை. மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்பு கொள்வதிலும் வித்தியாசம் காட்டும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்தைப் போன் உண்டாக்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம், அதன்பிறகு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நான் அதை விடவும் வலியுறுத்துவது, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைக்கச் சொல்வதுதான். அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது அவர்களே அறியாமல் குறைந்துவிடுகிறது. இன்றைக்கு அணையுங்கள். நேற்று வரை ஓடியதற்காக அழாதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 2022இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கமும் சேர்ந்து வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தின. அதன்படி 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது சொல்ல முயல வேண்டும். 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். 30 மாதத்தில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்க வேண்டும். இதைப் பார்த்து, 50 சொல்லுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று பெற்றோர் ஆறுதல் அடைந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடுவதைச் சொல்கிறது. அதாவது பெரும்பாலோர் அந்த இடத்தை ஏற்கனவே தாண்டியிருப்பார்கள். பேச்சுத் துறையில் நாங்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவு வேறு. லெஸ்லி ரெஸ்கோர்லா என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட சொற்பட்டியலிலிருந்து வந்தது அது: 24 மாதத்தில் 50 சொற்களுக்குக் குறைவாகவோ, இரண்டு சொல் சேராமலோ இருந்தால் பேச்சு பிந்திய குழந்தை என்று கணக்கு. உங்கள் மகனுக்கு அதற்கு இரண்டு மாதம் இருக்கிறது, ஆனால் ஐந்தாறிலிருந்து ஐம்பதுக்குத் தூரம் அதிகம். மருத்துவர் எழுதிக் கொடுத்தது சரியே.

ஆனாலும் மறுபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் எண்ணுவது பெரும்பாலும் முழுச் சொற்களை மட்டும்தான். பந்தைப் பார்க்கும்போதெல்லாம் "பா" என்றால் அது சொல். பூனைக்கு "மியா" என்றால் அதுவும் சொல். பொருள் கீழே விழும்போது "போ" என்றால் சொல். இரண்டு மொழியிலும் உள்ளவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், மறுபடி மறுபடி பயன்படுத்துகிறானா என்பதுதான் கணக்கு. இப்படி எண்ணும்போது ஆறு பதினைந்தாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறாகவே நின்றாலும் மருத்துவரிடம் கொடுக்கப் பட்டியல் கையில் இருக்கும்.

"தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினாராம், விடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு வயதில் பேச்சு மட்டும் பிந்தி, மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை தானாக எட்டும், எது எட்டாது என்று 22 மாதத்தில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எங்கள் துறையின் உண்மையான எல்லை இது. குடும்பத்தில் முன்பும் பேச்சு பிந்தியிருந்தால் அது சமாதானம் சொல்லும் சான்று ஆகாது. தாமதம் நீடிக்க வாய்ப்பைக் கூட்டும் அம்சங்களில் ஒன்றாகத்தான் அதை நாங்கள் குறித்துக்கொள்கிறோம். ஆண் குழந்தைகள் சற்றுப் பிந்துவார்கள் என்பது மெய், ஆனால் அந்த வித்தியாசம் ஓரிரு மாத அளவுதான். இதற்கு மேல் அதைச் சாக்காக்க முடியாது.

நான் முதல் பத்து நிமிடத்தில் சொற்களை எண்ணுவதில்லை. பார்ப்பது வேறு. நீங்களும் வீட்டில் பார்க்கலாம். உயரத்தில் இருக்கும் பந்தை வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுகிறானா? இது கேட்டு வாங்குவதற்கான சுட்டல். இதைவிட மேலானது ஒன்று உண்டு. வானத்தில் விமானச் சத்தம் கேட்கிறது. அவன் அண்ணாந்து பார்க்கிறான், விரலை நீட்டுகிறான், பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறான். விமானம் அவனுக்கு வேண்டாம், எடுத்துத் தரவும் முடியாது. "நீயும் பார்த்தியா?" என்று கேட்கிறான், வாயைத் திறக்காமல். விமானம், உங்கள் முகம், மறுபடி விமானம் என்று கண் போய் வருகிற அந்த மூன்று நொடிக்காகத்தான் நான் காத்திருப்பேன். அது இருக்கும் குழந்தையிடம் உரையாடலின் அடித்தளம் இருக்கிறது, சொல் மட்டும் இன்னும் ஏறி உட்காரவில்லை. அது இல்லாமல், என் கையைப் பிடித்துக் கருவியைப் போல எடுத்துக்கொண்டுபோய்ப் பொருளின் மேல் வைக்கிற குழந்தையை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். கவனமாகப் பார்ப்பேன் என்றுதான் சொல்கிறேன். ஒற்றை அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

கூடவே, சொல்வதைப் புரிந்துகொள்கிறானா என்று பாருங்கள். கையால் காட்டாமல், கண்ணாலும் காட்டாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். வாசலுக்குப் போகும் நேரத்தில் சொன்னால் கணக்கில்லை, சூழ்நிலையை வைத்தே ஊகித்துவிடுவான். நடுப்பகலில், வேறு விளையாட்டில் இருக்கும்போது சொல்லுங்கள். புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பிந்தியிருப்பதும், இரண்டும் பிந்தியிருப்பதும் வேறுவேறு நிலைமைகள். இரண்டாவதில் நான் பத்து வாரம் பேசாமல் இருக்கமாட்டேன். தேதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி மருத்துவரை நச்சரிப்பேன்.

இனி சொல்வதை இந்த வாரமே செய்யுங்கள்: காது. "கூப்பிட்டா திரும்புறான், கதவுச் சத்தம் கேட்டா ஓடி வர்றான், காதுல ஒண்ணுமில்ல" என்று சொல்லாத பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. பாட்டுச் சத்தத்துக்கு ஆடும், அழைப்பு மணிக்கு ஓடும். அம்மாவும் அதையேதான் சொன்னார். அந்தக் குழந்தைக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு வெளியில் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் அது பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. கனத்த சத்தம் கேட்கும், "ஆ" கேட்கும், "ஸ"வும் "த"வும் கரைந்துபோகும். கேளாத ஒலியை எந்தக் குழந்தை சொல்லும்? வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலே இப்படி நீர் கோக்கும், மாதக் கணக்கில் வந்து வந்து போகும். பிறந்தவுடன் செய்த காது சோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் குறைகளும் உண்டு. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். உள்காதின் எதிரொலியைப் பதிவு செய்யும் ஓஏஇ, செவிப்பறை அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டும் சில நிமிட வேலை, வலி கிடையாது. இவற்றில் சந்தேகம் வந்தால் ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்க, குழந்தையைத் தூங்கவைத்துச் செய்யும் பெரா சோதனைக்கு அனுப்புவார்கள். ஸ்கிரீனிங் அன்று முதலில் கேட்கப்போவதும் காது பார்த்தாகிவிட்டதா என்றுதான். அறிக்கை கையில் இல்லையென்றால் இன்னொரு காத்திருப்பு தொடங்கும்.

ஸ்கிரீனிங் என்ற சொல்லே பாதிப் பயத்தைக் கொடுக்கிறது. அது சல்லடை. நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பது அதன் வேலை இல்லை, யாரை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று பிரிப்பதுதான் வேலை. உங்கள் மகன் வயதில் பெரும்பாலும் பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுப்பார்கள். ஆட்டிசத்துக்காகப் பரவலாகப் பயன்படுவது எம்-சாட்-ஆர், 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு, 20 கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலைக்குரியதாக இல்லை, ஆனாலும் இரண்டு வயதுக்கு முன் செய்திருந்தால் அதன்பிறகு மறுபடி செய்ய வேண்டும். 3 முதல் 7 என்றால் அதே கேள்விகளை விரிவாகக் கேட்கும் இரண்டாம் கட்டம் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழு மதிப்பீடு. 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் சிக்கிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது, ஆனால் மிகப் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய சிக்கலோ இருந்தது. அதாவது சிக்கினால் ஆட்டிசம்தான் என்று அர்த்தமில்லை, சிக்கியும் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இணையத்தில் இது இலவசமாகக் கிடைக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள். பயத்தில் இருப்பவர் எப்போதோ ஒருமுறை நடந்ததையும் "ஆம்" என்று குறிப்பார், வழக்கமாக எப்படி என்பதைத்தான் அது கேட்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், வீட்டில் என்ன செய்வது. காத்திருக்கும் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது ஒன்று உண்டு: வீடு பரீட்சைக் கூடமாகிவிடுகிறது. கண்ணில் படுவதையெல்லாம் காட்டி "இது என்ன? சொல்லு. அம்மா சொல்லு. சொன்னாத்தான் தருவேன்." இதை அன்பால்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பேசத் தெரியாத குழந்தைக்கு ஒவ்வொரு கேள்வியும் தோல்வி. நாளுக்கு நூறு தோல்வி கண்டால் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு அப்பா படஅட்டைகளோடு வந்தார். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். பையன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, தரையில் அவன் எதிரில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றும் கேட்க வேண்டாம் என்றேன். பையன் சின்னக் காரை உருட்டினான், அது நாற்காலிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. காரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்பா வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆறு ஏழு நொடி இருக்கும், அந்த அறையில் அது நீண்ட நேரம். பையன் கையை நீட்டி "ஆ?" என்றான். அப்போது அப்பா, "உள்ள! உள்ள போச்சு!" என்றார். எடுத்துக் கொடுத்தார். பையன் வேண்டுமென்றே மறுபடி உள்ளே தள்ளினான். "உள்ள போச்சு!" அன்று அந்தக் குழந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் பதினொரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், நான் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் ஒரு தடவை கூட இல்லை. "உள்ள" என்ற சொல் மூன்று வாரம் கழித்து, வீட்டில், செருப்பு கட்டிலுக்கு அடியில் போனபோது வந்ததாக அப்பா போன் செய்து சொன்னார்.

அதில் நான் சொல்லிக்கொடுப்பது எல்லாமே இருக்கிறது. முகம் அவன் முகத்தின் உயரத்தில். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றியே பேச்சு. பேசுவதற்கு முன் காத்திருத்தல், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், முதலில் கைகால் நடுங்கும் அளவுக்குக் கஷ்டமாக இருக்கும். அவன் ஒலி எழுப்பினாலோ கை நீட்டினாலோ அதையே சொல்லாக எடுத்துக்கொண்டு, அவனைவிட ஒரே ஒரு படி மேலே பேசுங்கள். அவன் "பா" என்றால் "பந்து, பந்து வேணும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். திருத்தாதீர்கள், திருப்பிச் சொல்லவும் வற்புறுத்தாதீர்கள். தமிழ் இதில் நமக்கு நல்ல துணை. வா, போ, தா, வை என்று ஒரே அசையில் முழு வேலையைச் சொல்லும் வினைகள் நம்மிடம் இருக்கின்றன. பெயர்ச்சொற்களையே ஊட்டிக்கொண்டிருக்காமல் இவற்றைச் செயலோடு சேர்த்துச் சொல்லுங்கள். பந்தை இருவருமாக உருட்டும்போது "போ...", திரும்பி வரும்போது "வா...". நீட்டிச் சொல்லி நிறுத்துங்கள், அடுத்ததை அவன் நிரப்ப இடம் விடுங்கள். கையசைவு, தலையசைப்பு எல்லாவற்றையும் வரவேற்றுக்கொள்ளுங்கள். சைகை காட்டினால் பேச்சு வராது என்பது தவறான நம்பிக்கை, சைகை முந்திப் பேச்சு பின்னால் வருவதுதான் இயல்பு. இதற்கென்று தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. குளிப்பாட்டும்போது, உடை மாட்டும்போது, விளக்கை அணைக்கும்போது, தினமும் அதே செயலுக்கு அதே சொல். வேலைக்குப் போய் வரும் அம்மாவுக்கும் இவை கிடைக்கும். பெற்றோரே இப்படிப் பழகிக்கொண்டு செய்வதால் சிறு குழந்தைகளின் மொழி முன்னேறுவது ஆய்வுகளில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பத்து வாரத்தில் இத்தனை சொல் வரும் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

கைநழுவுமா என்று கேட்டீர்கள். இரண்டு வயதோடு மூளையின் கதவு மூடிவிடும் என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். முன்கூட்டித் தொடங்குவது நல்லது, ஆனால் எந்த மாதத்திலும் கதவு மூடுவதில்லை. பேச்சுப் பயிற்சி தொடங்க நோயின் பெயர் எழுதிய காகிதம் தேவையும் இல்லை. ஸ்கிரீனிங் தேதிக்குக் காத்திருக்கும்போதே ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கலாம், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. தேதி கொடுத்த இடத்தில் யாராவது ரத்து செய்தால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று பெயர் கொடுத்து வையுங்கள், வாரம் ஒருமுறை நீங்களே கேளுங்கள். அதையும் விட அவசரமானவை சில உண்டு. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தால், கண்ணைப் பார்ப்பதோ சிரிப்பதோ குறைந்துகொண்டே போனால், திடீரென்று வெறித்து நின்று கூப்பிட்டாலும் உணராமல் இருந்தால், வலிப்பு வந்தால், இன்னும் நடக்கவில்லை என்றால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், பத்து வாரம் என்ற பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அன்றைக்கு எடுத்துப்போக வேண்டியவற்றில் முதன்மையானது வீடியோ. இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று போதும்: தனியாக விளையாடுவது, உங்களோடு விளையாடுவது, ஏதாவது வேண்டும் என்று கேட்பது. ஒழுங்கு செய்யாமல் உள்ளபடி எடுங்கள். புது இடத்தில் புது முகத்தைப் பார்த்து உங்கள் தோளில் முகம் புதைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அவன் எதையும் காட்டாமல் போகலாம், மிகச் சாதாரணமாக நடப்பது அது. சொற்பட்டியல், காது அறிக்கை, பிறந்த வாரம் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். குறைமாதத்தில் பிறந்தவனாக இருந்தால் இந்த வயதில் அதைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும், நீங்கள் எழுதியதில் அந்த விவரம் இல்லை. அவனுடைய தூக்க நேரத்தில் தேதி விழுந்திருந்தால் இப்போதே மாற்றிக் கேளுங்கள். காது பார்த்துவிட்டு, விமானச் சத்தத்துக்கு அவன் என்ன செய்கிறான் என்பதையும் முடிந்தால் எழுதுங்கள், அதை வைத்து இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.